பத்து வயதில் வீடு மாறும் பிள்ளைகளுக்காக: வாழ்விட மேம்பாட்டு வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் தலைவர், மேலாண்மை இயக்குநர், பொறியாளர்கள், சமுதாய வளர்ச்சிப் பிரிவு அலுவலர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

நான் தென்சென்னையில் ஒரு அரசுப் பள்ளி ஆசிரியை. கண்ணகி நகர், எழில் நகர், பெரும்பாக்கம், செம்மஞ்சேரி என்று நீங்கள் கட்டிய குடியிருப்புகளில் வளரும் பிள்ளைகள் என் வகுப்புகளில் எப்போதும் உண்டு. லிஃப்ட் ஓடவில்லை, தண்ணீர் வரவில்லை, சுவர் பெயர்கிறது என்றெல்லாம் உங்களுக்கு எழுதப் பலர் இருக்கிறார்கள். அவை எழுதப்பட வேண்டியவைதான். நான் கேட்க வந்தது வேறு. குடிசைப் பகுதியிலிருந்து ஒரு குடும்பத்தை எப்போது, எங்கே மாற்றுவது என்று முடிவு செய்யும்போது, அந்த வீட்டுப் பிள்ளையின் வயதையும் வகுப்பையும் முதலில் பாருங்கள். அந்த வயதில் நடப்பது அந்த வயதோடு முடிவதில்லை. இருபது, முப்பது வயதில் மனநோயாகத் திரும்பி வருகிறது என்பதற்கு இப்போது வலுவான ஆதாரம் இருக்கிறது.

2024-இல் டென்மார்க்கிலிருந்து ஒரு ஆய்வு வெளிவந்தது. அந்த நாட்டில் 1982 முதல் 2003 வரை பிறந்த, பத்து லட்சத்துக்கும் அதிகமானவர்களின் பதிவுகளை எடுத்து, பிறந்ததிலிருந்து 15 வயது வரை அவர்கள் எந்தெந்த இடத்தில் வாழ்ந்தார்கள், பெரியவர்களானபின் யாருக்கு மனச்சோர்வு நோய் வந்தது என்று பார்த்தார்கள். வருமானம் குறைந்த வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மனச்சோர்வு வரும் ஆபத்து சுமார் 10 சதவீதம் கூடுதல். இது எதிர்பார்த்ததுதான். என்னை உலுக்கியது அடுத்த எண். 10 வயதுக்கும் 15 வயதுக்கும் இடையில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை வீடு மாறிய பிள்ளைகளுக்கு, மாறாதவர்களைவிட ஆபத்து சுமார் 61 சதவீதம் கூடுதல். ஒரே முறை மாறியவர்களுக்கே 40 சதவீதத்துக்கு மேல். வசதியான வட்டாரத்துப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தியது. ஏழை வட்டாரத்தில் இருந்தாலும் ஒரே இடத்தில் நிலையாக வளர்ந்த பிள்ளை, வீடு மாறிக்கொண்டே இருந்த பணக்காரப் பிள்ளையைவிடப் பாதுகாப்பாக இருந்தது.

அந்த டென்மார்க் பிள்ளைகள் பெரும்பாலும் புல்டோசர் முன்னால் நின்று வீடு மாறியவர்கள் அல்ல. பெற்றோர் வேலை மாறினார்கள், பெரிய வீடு வாங்கினார்கள், பிரிந்தார்கள். மாறிய பிறகும் பிள்ளைக்கு இலவசப் பள்ளி உண்டு, மருத்துவம் உண்டு, இருட்டினாலும் தைரியமாக நடக்க விளக்குள்ள தெரு உண்டு. அப்படிப்பட்ட மாற்றமே இவ்வளவு தடம் விடுகிறது என்றால், இரண்டு நாள் அவகாசத்தில் பாத்திரம் பண்டத்தோடு லாரியில் ஏறி, 25 கிலோமீட்டர் தள்ளி எட்டு மாடிக் கட்டடத்தில் இறங்கும் பிள்ளைக்கு என்ன ஆகும்? டென்மார்க் கணக்கைச் சென்னைக்கு அப்படியே போட்டுப் பார்க்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் நம் நிலைமை அவர்களுடையதைவிட இலகுவானது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

நம் ஊரில் இரண்டு காயமும் ஒரே நாளில் நடக்கின்றன. பிள்ளை, பழகிய இடத்தை இழக்கிறது. அதே லாரி அதை ஏழ்மை மட்டுமே குவிந்துகிடக்கும் ஒரு இடத்தில் இறக்குகிறது. சிந்தாதிரிப்பேட்டையோ மயிலாப்பூரோ, குடிசை இருந்த இடத்துக்கு நாலு தெரு தள்ளி ஒரு மருத்துவமனை, ஒரு நூலகம், ஒரு கடைவீதி, வேலை கொடுக்கும் வீடுகள் எல்லாம் இருந்தன. ஏழைக் குடும்பம் ஏழைக் குடும்பமாகவே இருந்தாலும், சுற்றியிருந்த ஊர் முழுக்க ஏழ்மையாக இல்லை. கண்ணகி நகரில் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். பெரும்பாக்கத்தில் அதைவிட அதிகம். ஒரே மாதிரி வருமானம், ஒரே மாதிரி கடன், ஒரே மாதிரி வேலையிழப்பு உள்ள குடும்பங்களை இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் ஒரே இடத்தில் சேர்ப்பதை உலகத்தில் பல நகரங்கள் செய்து பார்த்துவிட்டுக் கைவிட்டன. அமெரிக்காவில் அப்படிக் கட்டிய அடுக்குமாடிகள் பலவற்றை இடித்தே விட்டார்கள்.

அந்த அமெரிக்க அனுபவத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது என் வாதத்துக்கு எல்லா இடத்திலும் சாதகமாக இல்லை. 1994 முதல் 1998 வரை பால்டிமோர், பாஸ்டன், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க் ஆகிய ஐந்து நகரங்களில் சுமார் 4,600 ஏழைக் குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு, ஏழ்மை குறைந்த வட்டாரத்துக்குக் குடிபோக வாடகை உதவி கொடுத்தார்கள். 13 வயதுக்கு முன்பே நல்ல வட்டாரத்துக்குப் போன பிள்ளைகள், இருபதுகளின் நடுவில் மற்றவர்களைவிடச் சுமார் 31 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். அந்த வயதைத் தாண்டிப் போனவர்களுக்குப் பலன் இல்லை, கொஞ்சம் நஷ்டமே. ஆக, இடம் மாற்றுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. சின்ன வயதில், நல்ல இடத்துக்கு, குடும்பத்தின் சம்மதத்தோடு மாற்றினால் வாழ்க்கையே மாறும்.

மனநலத்தில் கதை இன்னும் சிக்கலானது. அதே திட்டத்தில் பெண் பிள்ளைகளுக்கு மனச்சோர்வு குறைந்தது. ஆண் பிள்ளைகளுக்குக் கூடியது. ஏழ்மை குறைந்த வட்டாரத்துக்குப் போக உதவி பெற்ற குடும்பங்களின் பையன்களைப் பதின்ம வயதில் சோதித்தபோது, 7.1 சதவீதம் பேருக்குக் கடும் மனச்சோர்வு இருந்தது. உதவி பெறாத குடும்பங்களில் அது 3.5 சதவீதம். பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய், உதவி பெற்ற குடும்பங்களின் பையன்களில் 6.2 சதவீதம் பேருக்கு, உதவி பெறாதவர்களில் 1.9 சதவீதம் பேருக்கு. நல்ல இடத்துக்கே போயும் பையன்கள் ஏன் உடைந்தார்கள்? புதிய இடத்தில் அவர்களைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள், பழைய கூட்டாளிகள் போனார்கள், புதிய பையன்களோடு ஒட்ட முடியவில்லை என்று ஆய்வாளர்கள் காரணங்களைத் தேடுகிறார்கள். முடிந்த விடை இல்லை. ஆனால் நம் பையன்களைப் பார்க்கிற எவருக்கும் இது புதிதாக இருக்காது. ஏழாம் வகுப்பு வரை வாய் ஓயாமல் பேசிய பையன் இடம் மாறி வந்தபின் கடைசி பெஞ்சில் தலை கவிழ்ந்து படுத்திருப்பான். கேட்டால் “ஒண்ணும் இல்ல மிஸ்” என்பான். ஒன்பதாம் வகுப்பில் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மைதான் அதிகம் இருக்கும். அப்புறம் ஒரு நாள் வரவே மாட்டான். அவனை நாம் “இடைநிற்றல்” என்று ஒரு பட்டியலில் சேர்க்கிறோம். அவன் மனதுக்கு என்ன ஆனது என்று எந்தப் பட்டியலிலும் இல்லை.

வட்டாரம் எப்படிப் பிள்ளையின் மனதுக்குள் போகிறது? தெருவில் சண்டை, பாட்டில் உடையும் சத்தம், இரவில் போலீஸ் என்று இருந்தால் பிள்ளை ஆழ்ந்து தூங்காது. எப்போதும் ஒரு காது வெளியே இருக்கும். அப்படி ஆண்டுக்கணக்கில் விழித்தே இருக்கும் உடம்பு, ஆபத்து இல்லாத நேரத்திலும் தணியக் கற்பதில்லை. பெரியவரானபின் சின்னச் சொல்லுக்கும் பதறுவது, காரணமில்லாமல் நெஞ்சு அடைப்பது, குடித்தால்தான் தூக்கம் வரும் என்பது எல்லாம் இங்கிருந்து தொடங்கலாம். வாழ்நாளில் வரும் மனநோய்களில் பாதி 14 வயதுக்குள்ளேயே தலைகாட்டத் தொடங்கிவிடும் என்பது மருத்துவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது. நீங்கள் வீடு மாற்றும் பிள்ளைகளின் வயது அதுதான்.

ஆனால் எல்லா ஏழைத் தெருவும் பிள்ளையை நோக வைப்பதில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். சிகாகோவில் 343 வட்டாரங்களை ஆராய்ந்து 1997-இல் வெளியிட்ட ஆய்வில், அக்கம்பக்கத்தார் ஒருவரையொருவர் நம்பி, பிள்ளைகள் தப்பு செய்தால் தட்டிக்கேட்கத் தயாராக இருக்கும் வட்டாரங்களில் வன்முறை குறைவு என்று கண்டார்கள். வறுமையைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் நின்றது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1994, 1995-இல் பிறந்த இரட்டைக் குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்விலும் இதே திசை. நகரத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு 12 வயதிலேயே குரல் கேட்பது போன்ற அறிகுறிகள் அதிகம் தெரிந்தன. அக்கம்பக்கத்தில் ஒட்டுதல் இல்லாததும் குற்றத்துக்கு ஆளானதும் அதற்கு ஒரு பெரிய காரணம்.

நம் குப்பத்துத் தெருவுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பள்ளி நேரத்தில் ஒரு பையன் வெளியே நின்றால், மீன் கூடை வைத்திருக்கும் ஆயா “யார் வூட்டுப் புள்ள நீ, ஸ்கூலுக்குப் போவல?” என்று கேட்பார். அம்மா வேலைக்குப் போனால் எதிர் வீட்டு அத்தை சோறு போடுவார். அப்பா குடித்துவிட்டு வந்தால் பிள்ளை ஓடிப்போய் நிற்க ஒரு வாசல் இருக்கும். குலுக்கல் போட்டு ஒரு தெருவை ஐந்து பிளாக்குகளில் சிதறடிக்கும்போது, இந்த ஆயாவும் அத்தையும் வாசலும்தான் போகிறார்கள். ஒதுக்கீட்டு ஆணையில் அவர்களுக்குப் பெயர் இல்லை. பிள்ளையின் மனதைக் காத்துவந்தது அவர்கள்தான். சுவரும் கூரையும் அவர்களுக்கு ஈடாகாது.

பழைய இடமே சொர்க்கம் என்று நான் எழுதவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரையில் என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். கழிப்பறை இல்லாமல் இருட்டும் வரை காத்திருந்த பெண் பிள்ளைக்குத் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை எவ்வளவு பெரிய நிம்மதி என்று என் மாணவிகளே சொல்லியிருக்கிறார்கள். ஒழுகாத கூரையை யாரும் குறை சொல்லவில்லை. 1970-இல் உங்கள் வாரியம் தொடங்கியபோது, ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம் என்று எழுதிவைத்துத் தொடங்கினீர்கள். அடுத்த ஆண்டு குடிசைப் பகுதிகளுக்கான சட்டம் வந்தது. தொடக்க ஆண்டுகளில் பல குப்பங்களுக்கு, அவை இருந்த இடத்திலேயே அல்லது பக்கத்திலேயே மாடி வீடுகள் எழுந்தன. அந்த வீடுகளில் வளர்ந்தவர்கள் அதே பள்ளிக்கே போனார்கள், அதே கடற்கரையில் விளையாடினார்கள். 2000-ஐ ஒட்டிக் கண்ணகி நகர் தொடங்கியபின்தான் ஊருக்கு வெளியே, ஆயிரக்கணக்கில், என்பது வழக்கமானது. சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, பிறகு எழில் நகர், பெரும்பாக்கம். பக்கத்திலேயே வீடு கொடுக்கும் வழி உங்கள் வாரியத்துக்குத் தெரியாத வழி அல்ல. நீங்களே நடந்து பார்த்த வழி.

2019 டிசம்பர் கடைசியில் கூவம் கரையில் இருந்த சத்தியவாணி முத்து நகர் வீடுகள் இடிக்கப்பட்டபோது, பள்ளி ஆண்டு பாதிதான் முடிந்திருந்தது. பெரும்பாக்கத்துக்குப் போன பிள்ளைகளுக்கு முழுஆண்டுத் தேர்வுக்குச் சில மாதங்களே இருந்தன. பழைய பள்ளிக்கே போக விடிவதற்கு முன் பேருந்து பிடிப்பதா, டி.சி. வாங்கிப் புதுப் பள்ளியில் நடுவில் சேர்வதா என்று பத்து வயதுப் பிள்ளைகள் முடிவு செய்ய வேண்டியிருந்தது. 2022 மே மாதம் ஆர்.ஏ.புரம் கோவிந்தசாமி நகரில் நீதிமன்ற உத்தரவுப்படி வீடுகள் இடிக்கப்பட்ட நாட்களில் பொதுத்தேர்வுகள் நடந்துகொண்டிருந்தன. இடித்தது உங்கள் துறை அல்ல, அது எனக்குத் தெரியும். அங்கே ஒரு முதியவர் தீக்குளித்து இறந்தார். அதற்குப் பிறகு, அந்தக் குடும்பங்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதியிலேயே வீடு தரப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஒரு உயிர் போனபின் கிடைத்த அந்த அறிவிப்பு, முதல் நாளே கிடைத்திருக்கக்கூடியது. அந்தத் தீயைப் பார்த்த பிள்ளைகள் அந்தத் தெருவில் இருந்தார்கள். அவர்களை அதன்பின் யாராவது உட்கார வைத்துப் பேசினார்களா?

முகவரியையும் பேசியாக வேண்டும். கண்ணகி நகர் என்று சொன்னால் வேலை கிடைப்பதில்லை, அதனால் துரைப்பாக்கம் என்று சொல்லிவிடுகிறோம் என்று இளைஞர்கள் வெளிப்படையாகவே சொல்கிறார்கள். பிறந்த வீட்டின் பெயரை மறைத்து வாழக் கற்ற பிள்ளை தன்னைப் பற்றி என்ன நினைக்கும்? 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் கண்ணகி நகர்ப் பெண் கார்த்திகா இருந்தார். அன்று என் வகுப்பில் பிள்ளைகள் தங்கள் ஏரியா பெயரைச் சத்தமாகச் சொன்னார்கள். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஊரின் பெயரைத் தூக்கி நிறுத்த ஒரு பிள்ளை ஆசியப் பதக்கம் வாங்க வேண்டும் என்பது நியாயமில்லை. மற்ற பிள்ளைகளுக்குப் பதக்கம் இல்லாமலே மரியாதை கிடைக்க வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்? நான் கேட்பவை எல்லாம் உங்கள் கைக்கு எட்டியவை.

கல்வியாண்டின் நடுவில் எந்தக் குடும்பத்தையும் மாற்றாதீர்கள். நீர்வழியை ஒட்டி உயிருக்கு ஆபத்து என்றால் தற்காலிக இடம் பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். ஏப்ரலுக்குப் பிறகும் ஜூனுக்கு முன்பும் ஒரு இடைவெளி ஒவ்வொரு ஆண்டும் வருகிறது. 10 முதல் 15 வயதுப் பிள்ளை இருக்கும் குடும்பத்துக்கு, பழைய பள்ளிக்கு நடந்தோ ஒரே பேருந்திலோ போகக்கூடிய தூரத்தில் வீடு என்பதை முன்னுரிமை ஆக்குங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியவர்களுக்கும் கீழ்த்தளம் என்று ஒரு கணக்கு இருக்கிறது அல்லவா, அதைப்போல இதுவும் ஒரு கணக்கு. இரண்டாவது முறை மாற்றவே கூடாது. பழுதடைந்த கட்டடத்தை இடித்துக் கட்டும்போதும் இதே விதி.

குலுக்கல் போடுங்கள், ஆனால் தெருவுக்குத் தெருவாகப் போடுங்கள். இருபது வீடுகள் சேர்ந்து ஒரு பெயரில் சீட்டு எடுக்கட்டும், ஒரே பிளாக்கில், அடுத்தடுத்த தளங்களில் இறங்கட்டும். யார் யாருக்குப் பக்கத்தில் வேண்டும் என்பதை அந்தப் பெண்களே எழுதித் தருவார்கள். இதற்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாக ஆகாது. இத்தனை ஆண்டுகளில் நான் கேட்ட வேண்டுகோள்களில், தாய்மார்கள் அதிகம் சொன்னது இதுதான்.

ஏற்கெனவே கட்டிய இடங்களை மறந்துவிடாதீர்கள். பிலடெல்பியாவில் குப்பை மேடாகக் கிடந்த 541 காலி மனைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியைச் சுத்தம் செய்து, புல் வளர்த்து, சில மரம் நட்டு, சின்ன மரவேலி போட்டார்கள். அவ்வளவுதான். அந்த மனைகளுக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களில் மனச்சோர்வாக உணர்கிறோம் என்று சொன்னவர்கள் 40 சதவீதத்துக்கும் மேல் குறைந்தார்கள் என்று 2018-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. மிக ஏழ்மையான பகுதிகளில் பலன் இன்னும் அதிகம். பெரும்பாக்கத்தில் பிளாக்குகளுக்கு நடுவில் கட்டட இடிபாடும் கழிவுநீரும் தேங்கும் இடங்கள் எத்தனை என்று உங்கள் பொறியாளர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் இருக்கும் ஊர் அது. மண்ணும் தண்ணீரும் இருக்கின்றன, மரம் நட இடம் இருக்கிறது. பெண் பிள்ளைகள் விளையாடத் தனி நேரமும் விளக்கும் உள்ள ஒரு மைதானம் ஒவ்வொரு பிளாக் கூட்டத்துக்கும் வேண்டும். கண்ணகி நகரில் சுவர் ஓவியங்கள் வந்தபோது சந்தோஷப்பட்டேன். ஓவியம், பார்க்க வருகிறவர்களுக்கு. மைதானம், அங்கேயே வாழ்கிறவர்களுக்கு.

இடமாற்றத் திட்டத்தின் செலவுக் கணக்கில் மனநலத்துக்கு ஒரு வரி சேருங்கள். கூவம் கரையிலிருந்து மாற்றப்பட்ட குடும்பங்களுக்கு மாறுவதற்கான செலவும், ஓராண்டுக்கு மாத உதவியும் கொடுத்தீர்கள். அதோடு பள்ளிக்கு ஒரு பயிற்சி பெற்ற ஆலோசகரையும் இரண்டு ஆண்டுகளுக்காவது கொடுங்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண் இருக்கிறது. நான் பிள்ளைகளின் நோட்டில் எழுதிக் கொடுக்கிறேன். ஆனால் ஒரே அறை வீட்டில், அப்பா அம்மா பாட்டி எல்லோரும் இருக்கும்போது, பதின்மூன்று வயதுப் பிள்ளை எந்த மூலையில் நின்று போன் பேசும்? அதற்கு ஒரு மனிதர் வேண்டும், ஒரு கதவு உள்ள அறை வேண்டும்.

கடைசியாக, பிள்ளைகளைத் தொடர்ந்து பாருங்கள். பயோமெட்ரிக் கணக்கெடுப்பு எடுத்து, யாருக்கு எந்த வீடு என்பதைத் துல்லியமாக வைத்திருக்கிறீர்கள். அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளில் யார் பள்ளியில் தொடர்கிறார்கள், யார் நின்றார்கள், யாருக்குச் சிகிச்சை தேவைப்பட்டது என்பதை, பெயர் வெளியே தெரியாமல், பள்ளிக்கல்வித் துறையோடும் மாவட்ட மனநலத் திட்டத்தோடும் சேர்ந்து ஐந்து ஆண்டுகள் பார்த்து வெளியிடுங்கள். டென்மார்க் கணக்கை நான் ஏன் இங்கே எழுத வேண்டியிருந்தது? நம் பிள்ளைகளின் கணக்கை நாமே எடுத்து வெளியிட்டிருந்தால், இந்த மடலில் அதைத்தான் எழுதியிருப்பேன்.

இப்போதும் நீர்நிலை ஓரங்களில் அகற்றப்பட வேண்டியவை என்று பட்டியலிடப்பட்ட குடியிருப்புகள் இருக்கின்றன. அந்தக் குடும்பங்களில் 10 முதல் 15 வயதுக்குள் எத்தனை பிள்ளைகள், அவர்கள் எந்தப் பள்ளியில் எந்த வகுப்பில் படிக்கிறார்கள் என்ற எண்ணிக்கையை, இடமாற்றத் தேதி முடிவாகும் முன் தமிழில் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எண்ணிக்கை எடுக்க ஆள் வேண்டுமென்றால், அந்தப் பகுதிப் பள்ளி ஆசிரியர்களைக் கேளுங்கள். வருகைப் பதிவேடு எங்களிடம் இருக்கிறது. பள்ளி முடிந்தபின் உட்கார்ந்து எழுதித் தருகிறோம்.

இப்படிக்கு,
ஒரு அரசுப் பள்ளி ஆசிரியை,
தென்சென்னை